வட்டி ஓடும் ஆண்டுகளையும் எண்ணிப் பாருங்கள்

கார் வாங்குவது பற்றிப் பேராக் மாநிலம் சுங்கை சிப்புட்டிலிருந்து வந்த நீண்ட கடிதம் ஒன்றுக்கு இவ்வாரம் பதில் எழுதுகிறேன். எழுதியவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு, பதிலுக்குத் தேவையானவற்றை மட்டும் தருகிறேன்.

வாசகருக்கு வயது 38. செம்பனை ஆலை ஒன்றின் பராமரிப்புப் பிரிவில் வேலை செய்கிறார். அடிப்படைச் சம்பளம் 2,600 ரிங்கிட். குலை அதிகமாக வரும் மாதங்களில் ஓவர்டைம் சேர்ந்து இன்னும் 700 வரை கிடைக்கும். ஈப்போவில் ஒரு கிளினிக்கில் பணிபுரியும் மனைவிக்கு 1,900. சேமநிதி, சொக்சோ எனும் தொழிலாளர் காப்புறுதி ஆகியவற்றின் பிடித்தம் போக, ஓவர்டைம் இல்லாத மாதத்தில் இருவர் கைக்கும் வருவது ஏறத்தாழ 4,000. அதில் வீட்டுக் கடனுக்கு 780 போய்விடுகிறது. பள்ளி செல்லும் பிள்ளைகள் இருவர் இருக்கிறார்கள். வாரம் மூன்று நாள் ஈப்போவுக்கு ரத்தச் சுத்திகரிப்புக்குப் போய்வரும் தாயாரும் உடன் இருக்கிறார். இதுவரை குடும்பத்தைச் சுமந்த 2008-ஆம் ஆண்டுப் புரோட்டோன் சாகா, சென்ற மாதம் தாயாரை அழைத்துவரும் வழியில் சூடேறி நின்றுவிட்டது. இழுவை வண்டி வரும்வரை, சிகிச்சை முடிந்து களைத்திருந்த அம்மாவைச் சாலையோரம் குடை பிடித்து உட்காரவைத்திருந்ததை அவர் எழுதியிருக்கிறார். கார் மாற்ற வேண்டும் என்று அன்றே முடிவு செய்துவிட்டார்கள். எந்தக் காரை வாங்குவது என்பதில்தான் வீட்டில் ஒருமித்த கருத்து இல்லை.

எல்லாரும் ஒத்துக்கொண்டது ஹோண்டா சிட்டி என்ற பெயரை மட்டுமே. மனைவி விரும்புவது இந்த ஆண்டு தயாரான புத்தம் புதிய கார். காப்புறுதி நீங்கலாக 89,900 ரிங்கிட், 9,900 முன்பணம், 80,000 கடன், ஒன்பது ஆண்டுக்கு 3 விழுக்காடு என்று விற்பனையாளர் எழுதிக் கொடுத்திருக்கிறார். அதே விற்பனையாளர், சென்ற ஆண்டு தயாரிக்கப்பட்டு இன்னும் பதிவு செய்யப்படாமல் நிற்கும் அதே ரகக் கார் ஒன்றை 6,000 குறைத்து 83,900-க்குத் தருவதாகவும் சொல்கிறார். பழைய கார்க் கடை ஒன்றில், 2022-இல் தயாராகி அதே ஆண்டு இறுதியில் பதிவான, ஒரே உரிமையாளர் வைத்திருந்த, 48,000 கிலோமீட்டர் ஓடிய கார் 66,000-க்கு நிற்கிறது, வட்டி 3.8 விழுக்காடு. அதன் பக்கத்திலேயே, சிலாங்கூர் எண் தாங்கிய 2021-ஆம் ஆண்டுக் கார் ஒன்று 61,000-க்கு இருக்கிறதாம். மாமா ஒருவரோ, கடனே வேண்டாம், 2012 வாக்கில் வந்த காரைக் கைக்காசு கொடுத்து வாங்கு என்கிறார். கையில் உள்ள சேமிப்பு 16,000. அதில் 4,000 சேமநிதியின் மூன்றாம் கணக்கில் இருக்கிறது.

இவற்றோடு வாசகர் மனத்தில் சில கணக்குகளும் இருக்கின்றன. பழைய காரானால் செலவு பெரிதும் குறையும். ஒன்பது ஆண்டுக் கடன் எடுத்து ஐந்து ஆண்டில் முடித்தால் பாதி வட்டி மிச்சமாகும். மோட்டார் சைக்கிள் தவணை இரண்டு தவறியதால் தன் பெயர் ‘கறுப்புப் பட்டியலில்’ இருக்கும், ஆகவே மைத்துனர் பெயரில் வாங்கலாம். பழைய காரை வாங்கினால் விற்பவரின் 55 விழுக்காடு காப்புறுதிக் கழிவும் காரோடு வரும். முன்பணமே இல்லாமல் வாங்க ஒரு வழியைக் கடைக்காரர் சொன்னதாகவும் எழுதியிருக்கிறார். அதற்குப் பிறகு வருகிறேன்.

சகோதரரே, உங்கள் கடிதத்தில் காரின் ஆண்டைப் பற்றிப் பன்னிரண்டு இடங்களில் எழுதியிருக்கிறீர்கள். கடனின் ஆண்டைப் பற்றி ஒரே இடத்தில்தான் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் வருமானத்தில் உள்ள ஒரு குடும்பத்துக்கு இரண்டாவதே முதலில் பார்க்கவேண்டியது. வாகனத் தவணை கட்ட முடியாமல் கார் இழுக்கப்பட்ட பிறகு என் வழக்கறிஞர் அலுவலகத்துக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் தவறான காரை வாங்கியவர்கள் அல்லர். ஓவர்டைமையும் சம்பளமாக எண்ணிக் கணக்குப் போட்டவர்களே அவர்கள்.

தயாரித்த ஆண்டு, பதிவான ஆண்டு

சென்ற ஆண்டுக் காரைப் ‘பழசு’ என்று உங்கள் மனைவி தயங்குவது முற்றிலும் தவறல்ல. சாலைப் போக்குவரத்து இலாகாவின் உரிமைப் பத்திரத்தில், நாம் கெரான் என்று சொல்லிப் பழகிய அந்தத் தாளில், தயாரித்த ஆண்டு ஒன்றும் பதிவு செய்த நாள் ஒன்றும் தனித்தனியே இருக்கும். பிற்காலத்தில் நீங்கள் விற்கப் போகும்போது வாங்குபவர் முதலில் பார்ப்பது தயாரித்த ஆண்டைத்தான். ஆகவே இரண்டு மூன்று ஆண்டில் காரை மாற்றும் வழக்கமுள்ளவருக்கு இந்த 6,000 தள்ளுபடி, அவர் பின்னால் இழக்கப்போவதை முன்கூட்டியே திருப்பிக் கொடுப்பது போன்றதே.

ஆனால் நீங்கள் ஒரு சாகாவைப் பதினேழு ஆண்டு ஓட்டியவர். பத்து ஆண்டுக்கு மேல் வைத்திருக்கப்போகும் காரில் ஓராண்டு வித்தியாசம் விற்பனை விலையில் ஏறக்குறைய கரைந்துவிடும். தள்ளுபடியோ இன்றே உங்கள் கையில் இருக்கும். தயாரிப்பாளரின் உத்தரவாதமும் பதிவு நாளிலிருந்துதான் கணக்கிடப்படுகிறது என்பதால் ஐந்து ஆண்டும் உங்களுக்கு முழுமையாகக் கிடைக்கும். நீங்கள் செய்யவேண்டியது, தயாரித்த ஆண்டை விற்பனை ஆணையில் எழுதி வாங்குவதும், வெயிலில் நின்ற வண்டியின் டயர்களில் பொறித்திருக்கும் தயாரிப்பு வாரத்தைப் பார்ப்பதும், புதிய பேட்டரி போட்டுத் தரச் சொல்வதும்தான். இவற்றுக்கு மறுப்பு வந்தால் தள்ளுபடியை இன்னும் கொஞ்சம் கேளுங்கள். ஆண்டு இறுதியில் பழைய இருப்பைக் கழிக்க நினைக்கும் கடைக்கு உங்கள் தேவை இருக்கிறது.

பழைய காரைப் பொறுத்தவரை, ஆண்டுகளுக்கிடையே இன்னொரு வேறுபாடு உண்டு. இப்போதைய ஐந்தாம் தலைமுறைச் சிட்டி மலேசியாவில் 2020 அக்டோபரில் அறிமுகமானது. 2023 ஆகஸ்டில் முகம் மாற்றி வந்தபோது, முன்னால் உள்ள வண்டியை உணர்ந்து எச்சரித்துத் தானாகவே பிரேக் போடும் ஹோண்டா சென்சிங் வசதி எல்லா ரகங்களுக்கும் தரப்பட்டது. அதற்கு முன் அது எல்லா ரகங்களிலும் இல்லை. ஆகவே 2022 காரை எடுத்தால் விலையோடு சேர்த்து இந்தப் பாதுகாப்பையும் நீங்கள் விட்டுக்கொடுக்கக்கூடும். விடியற்காலையில் நெடுஞ்சாலையில் லோரிகளுக்கிடையே ஈப்போவுக்குக் காரை ஓட்டிச் செல்பவர் உங்கள் மனைவி. அவர் புதிய காரை விரும்புவதற்கு இதுவே காரணமாக இருந்தால், அதை ஆடம்பரம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். அந்தக் குறிப்பிட்ட 2022 காரில் இந்த வசதி இருக்கிறதா இல்லையா என்பதை ரகத்தின் பெயரை வைத்து ஊகிக்காமல் காரிலேயே பாருங்கள்.

மாமாவின் யோசனையைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். கடன் இல்லாமல் வாங்குவது நல்ல எண்ணம்தான். ஆனால் அந்தக் காலத்துக் கார்கள் பலவற்றில், ஒரே நிறுவனத்தின் கார்கள் என்றில்லாமல் பல நிறுவனங்களின் கார்களில், பொருத்தப்பட்ட டக்காட்டா காற்றுப்பை ஊதுகலன்கள் விபத்தின்போது வெடித்து உலோகத் துண்டுகளைச் சிதறவிட்டதால், மலேசியாவிலும் உயிர்கள் போயிருக்கின்றன. தயாரிப்பாளர்கள் அவற்றை இலவசமாக மாற்றித் தருகிறார்கள். யாராவது அத்தகைய காரை வாங்கினால், சேஸிஸ் எண்ணைக் கொடுத்து மாற்றியாயிற்றா என்று உறுதி செய்யாமல் ஓட்டவே கூடாது. வாரம் மூன்று முறை தவறாமல் போய்ச் சேரவேண்டிய பயணத்துக்கு, சாகாவின் வயதை நெருங்கிய இன்னொரு கார் பொருந்தாது என்பது வேறு.

ஒன்பது ஆண்டின் கணக்கு

கார்க் கடனில் 3 விழுக்காடு என்று சொல்லப்படுவது நிலை வட்டி. நீங்கள் கட்டக் கட்டக் கடன் குறைந்தாலும், வட்டி முதல் நாள் கடன் தொகையின் மேலேயே எல்லா ஆண்டுகளுக்கும் போடப்படுகிறது. 80,000-க்கு ஒன்பது ஆண்டில் வட்டி 21,600; மொத்தம் 1,01,600; மாதம் சுமார் 941. வீட்டுக் கடனைப் போல் குறையும் மீதத்தின் மேல் கணக்கிட்டால் இது ஏறக்குறைய 5.5 விழுக்காட்டுக்குச் சமம். விற்பனையாளர் பொய் சொல்லவில்லை. ஆனால் வீட்டுக் கடனின் 4 விழுக்காட்டோடு இந்த 3 விழுக்காட்டை ஒப்பிட்டு, இது மலிவு என்று நீங்கள் எழுதியிருப்பது சரியல்ல.

சென்ற ஆண்டுக் காருக்கு அதே 9,900 முன்பணம் கொடுத்து 74,000 கடன் எடுத்தால், ஒன்பது ஆண்டில் வட்டி 19,980, மாதம் 870. பழைய காருக்கு, விலையில் பத்தில் ஒரு பங்கை முன்பணமாகக் கொடுத்து, 59,400 கடனை ஒன்பது ஆண்டுக்கு எடுத்தால் வட்டி 20,315, மாதம் 738. இங்கே சற்று நின்று பாருங்கள். காரின் விலை ஏறத்தாழ 24,000 ரிங்கிட் குறைந்தும், வட்டி புதிய காரின் வட்டியைவிட 1,300 கூடக் குறையவில்லை. அது மட்டுமல்ல, கடைசித் தவணையைக் கட்டும்போது அந்தக் காருக்கு வயது பன்னிரண்டு. உத்தரவாதம் முடிந்து, பழுதுச் செலவும் தவணையும் ஒரே மாதத்தில் வந்து நிற்கும் ஆண்டுகள் அவற்றில் ஆறேழு இருக்கும்.

அதே பழைய காருக்கு 12,000 முன்பணம் கொடுத்து, 54,000 கடனை ஏழு ஆண்டுக்கு எடுத்தால் வட்டி 14,364, மாதம் 814. நீங்கள் மொத்தமாகக் கொடுப்பது 80,364. சென்ற ஆண்டுக் காருக்கு 1,03,880. புதிய காருக்கு 1,11,500. பழைய காரில் சேமிப்பு உண்மையில் இருக்கிறது. ஆனால் அது விலை குறைந்ததால் மட்டும் வருவதல்ல, கடனின் ஆண்டைக் குறைத்தால்தான் கைக்கு வரும்.

ஐந்தாம் ஆண்டில் கட்டி முடித்தால் பாதி வட்டி மிச்சம் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். நிலை வட்டி ஒப்பந்தங்களில் நீண்டகாலமாக வழங்கிவரும் முறைப்படி, வட்டியின் பெரும்பகுதி தொடக்க ஆண்டுகளிலேயே எடுக்கப்பட்டுவிடுகிறது. 108 மாதக் கடனை 60-ஆம் மாதத்தில் முடித்தால் திரும்பக் கிடைப்பது மொத்த வட்டியில் ஐந்தில் ஒரு பங்குதான். உங்கள் 21,600-இல் ஏறத்தாழ 4,300. இந்த முறையை மாற்றும் நோக்கில், கார்க் கடனை ஆளும் வாடகைக் கொள்முதல் சட்டத்துக்குத் திருத்தம் கொண்டுவரப்பட்டிருப்பதால், உங்கள் ஒப்பந்தம் எந்த முறையில் எழுதப்படுகிறது, முன்கூட்டியே முடித்தால் எவ்வளவு கழிவு என்பதை வங்கியிடம் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

மூன்றாம் கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை. 2024 மே மாதம் தொடங்கிய அந்த நெகிழ்வுக் கணக்கிலிருந்து எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்பது உண்மைதான். எப்போது வேண்டுமானாலும் எடுக்க முடிவதாலேயே அதை இப்போது எடுக்க வேண்டாம் என்கிறேன். ஆலையில் ஓவர்டைம் நின்றுபோகும் மாதத்தில், அல்லது அம்மாவை மருத்துவமனையில் சேர்க்கும் வாரத்தில், அந்த 4,000 உங்கள் நான்கு மாதத் தவணைக்கும் மேலானது.

முன்பணமே வேண்டாம் என்றவர்

கடைக்காரர் சொன்ன வழி இது: 66,000 காரின் விலையை 73,500 என்று தாளில் எழுதுவார், வங்கி அதில் பத்தில் ஒன்பது பங்காக 66,000-க்குச் சற்று மேல் கடன் தரும், நீங்கள் கையிலிருந்து ஒன்றும் கொடுக்கவேண்டாம். இது பரவலாக நடக்கிறது என்பதால் சட்டத்துக்கு உட்பட்டது என்று நினைத்திருக்கிறீர்கள். இல்லை. ரொக்க விலையில் பத்தில் ஒரு பங்குக்குக் குறையாத முன்பணத்தை வாங்காமல் வாடகைக் கொள்முதல் ஒப்பந்தம் செய்வதை 1967-ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. கொடுக்காத முன்பணத்தைக் கொடுத்ததாகக் காட்டும் தாளில் உங்கள் கையொப்பமும் இருக்கும். நாளை அந்தக் காரில் பழுது கண்டு கடைக்காரர்மேல் வழக்குப் போட வந்தால், அவர் முதலில் எடுத்து நீட்டுவது அந்தத் தாளைத்தான். தவணையும் 820-க்கு ஏறிவிடும், அதுவும் ஒன்பது ஆண்டுக்கு.

அது போலவே, வெற்றுப் படிவத்தில் கையெழுத்து கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். விலை, முன்பணம், வட்டி, தவணை எண்ணிக்கை எல்லாம் நிரப்பப்பட்ட பிறகே கையெழுத்து வாங்கவேண்டும் என்பது சட்டம். ஒப்பந்தத்துக்கு முன் இந்த விவரங்களை எழுத்தில் தரவேண்டிய கடமையும், ஒப்பந்தத்தின் பிரதியை உங்களிடம் சேர்க்கவேண்டிய கடமையும் அவர்களுக்கு உண்டு.

மைத்துனரின் பெயர்

மைத்துனர் நல்லவர் என்று எழுதியிருக்கிறீர்கள். நம்புகிறேன். அவர் நல்லவராக இருப்பதால்தான் இதை அவருக்குச் செய்ய வேண்டாம் என்கிறேன்.

நாம் சேவா பெலி என்று சொல்லும் வாடகைக் கொள்முதல் முறையில், கடைசித் தவணை முடியும்வரை கார் வங்கிக்கே சொந்தம்; கையெழுத்திட்டவர் அதை வாடகைக்கு வைத்திருப்பவர். மைத்துனர் கையெழுத்திட்டால் சட்டத்தின் கண்ணில் அந்த வாடகைதாரர் அவரே. நீங்கள் ஒன்பது ஆண்டு தவறாமல் பணம் கட்டினாலும், அறிவிப்புக் கடிதம் வருவதும், காரை மீட்கும் உரிமையும், முன்கூட்டி முடித்தால் கழிவும் அவருக்குத்தான். அபராதக் கடிதங்களும் அவர் வீட்டுக்கே போகும். அவருக்கு ஏதாவது நேர்ந்தால் அந்த ஒப்பந்தம் அவருடைய சொத்துக் கணக்கில் சேரும். உங்கள் தங்கையும் அவர் குடும்பமும் உங்களுக்காக நீதிமன்றத்துக்கும் வங்கிக்கும் நடக்கவேண்டியிருக்கும். பின்னால் அவர் ஒரு வீட்டுக் கடனுக்கு மனுச் செய்யும்போது இந்த 80,000 அவர் தலையில் இருக்கும்.

அதைவிட முக்கியமானது, இந்த ஏற்பாடே தேவையில்லாமல் இருக்கலாம் என்பது. நீங்கள் பயப்படும் ‘சீக்ரிஸ்’ கறுப்புப் பட்டியல் அல்ல. அது மத்திய வங்கியான பேங்க் நெகாராவிடம் உள்ள கடன் பதிவு. கடந்த 12 மாதங்களில் நீங்கள் தவணை கட்டிய விதம் அதில் தெரியும், அவ்வளவுதான். மோட்டார் சைக்கிள் தவணை தவறியது ஒன்றரை ஆண்டுக்கு முன், அதன்பின் ஒழுங்காகக் கட்டிவிட்டேன் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பேங்க் நெகாராவின் இணையச் சேவையில் உங்கள் அறிக்கையை இலவசமாக எடுத்துப் பாருங்கள். இந்த வாரமே பாருங்கள். மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் இது.

காப்புறுதிக் கழிவு பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அது காரைச் சேர்ந்ததல்ல, காப்புறுதி எடுத்தவரைச் சேர்ந்தது. விற்பவரின் 55 விழுக்காடு அவரோடு போய்விடும். ஆனால் பல ஆண்டு விபத்துக் கோரிக்கை ஏதும் செய்யாமல் சாகாவில் நீங்கள் சேர்த்த 55 விழுக்காடு உங்களுடையது. சாகாவை விற்கும்போது அதை உங்கள் பெயரில் வாங்கும் காருக்கு மாற்றிக்கொள்ளலாம். கார் மைத்துனர் பெயரில் இருந்தால் அது முடியாது.

அந்த இரண்டு பழைய கார்கள்

பழைய காருக்கு உடைமை மாற்றத்துக்கான பரிசோதனையும் வங்கிக் கடனுக்கான பரிசோதனையும் தனித்தனியே உண்டு. பி5, பி7 என்று கடையில் சொல்வார்கள். அவற்றில் தேறிவிட்டால் கார் நல்ல நிலையில் இருக்கிறது என்று பொருள் கொள்ளாதீர்கள். எஞ்சின், சேஸிஸ் எண்கள் சரியானவையா, பிரேக், விளக்கு, புகை போன்றவை சாலைக்குத் தகுந்தவையா என்பதைத்தான் அவை சொல்கின்றன. கியர்பெட்டி இன்னும் எத்தனை ஆண்டு உழைக்கும் என்பதை எந்தப் பரிசோதனை நிலையமும் சொல்லாது.

அதற்கு இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, அதிகாரப்பூர்வச் சர்வீஸ் நிலையத்தின் பதிவு. 48,000 கிலோமீட்டர் என்றால் பத்தாயிரத்துக்கு ஒன்றாக நான்கைந்து பதிவுகளாவது இருக்கவேண்டும். அவற்றில் உள்ள கிலோமீட்டர் எண் ஏறுவரிசையில் இன்றைய மீட்டர்வரை தொடர்ந்து வரவேண்டும். நடுவில் ஓராண்டு காணாமல் போயிருந்தாலோ, எண் பின்னோக்கிப் போயிருந்தாலோ விலையைப் பற்றிப் பேசவே வேண்டாம். இந்தப் பதிவு இன்னொரு காரணத்துக்காகவும் தேவை. தயாரிப்பாளர் தரும் ஐந்து ஆண்டு உத்தரவாதத்துக்குக் கிலோமீட்டர் வரம்பு இல்லை. ஆண்டுக்கு 20,000 கிலோமீட்டரை எளிதில் தாண்டப்போகும் உங்களுக்கு அது பெரிய பலம். 2022 இறுதியில் பதிவான காருக்கு அது 2027 இறுதிவரை ஓடும், ஆனால் சர்வீஸ் ஒழுங்காகச் செய்யப்பட்டிருந்தால்தான் நிலைக்கும்.

இரண்டாவது, உங்களுக்குப் பழகிய போமென், அதாவது கார் மெக்கானிக். கடைக்காரரின் ஆளாக இல்லாமல், சாகாவைப் பல ஆண்டு பார்த்தவராக இருந்தால் நல்லது. ஒரு நாள் கூலி கொடுத்து அவரைக் கூட்டிச் செல்லுங்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது கிளப்பிப் பார்க்கவேண்டும், நெடுஞ்சாலையில் ஓட்டிப் பார்க்கவேண்டும், அடியில் தூக்கிப் பார்க்கவேண்டும். தோட்டத்துச் செம்மண் பாதையில் ஓடிய கார் என்றால் அடிப்பாகத்தில் அதன் அடையாளம் இருக்கும்.

5,000 ரிங்கிட் குறைவான அந்த 2021 காரைப் பற்றிக் கூடுதல் கவனம் தேவை. 2021 டிசம்பர் நடுவில் பெய்த மழையில் ஷா ஆலாம், தாமான் ஸ்ரீ மூடா உள்ளிட்ட கிள்ளான் பள்ளத்தாக்கின் பல பகுதிகள் நீரில் மூழ்கியதும், கார்கள் கூரைவரை மூழ்கி நின்றதும் உங்களுக்கு நினைவிருக்கும். சிலாங்கூர் எண் என்பதாலேயே அது வெள்ளத்தில் கிடந்த கார் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது விற்பவருக்கு அநியாயம். ஆனால் கேட்கவேண்டிய கேள்வி அது. இருக்கைப் பட்டையைக் கடைசிவரை இழுத்து அடியில் சேற்றுக் கறை உண்டா என்று பாருங்கள். இருக்கைக்கு அடியிலுள்ள தண்டவாளம், மாற்றுச் சக்கரம் வைக்கும் குழி, கம்பளத்தின் அடிப்புறம் ஆகிய இடங்களில் துருவும் மண்ணும் தங்கியிருக்கும். புதிதாக வாசனை தெளித்த கார் என்றால் கதவை மூடிக்கொண்டு பத்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். இவை எல்லாம் தேறினாலும், அதன் உத்தரவாதம் ஏறக்குறைய முடியும் தறுவாயில் இருக்கிறது. 5,000 ரிங்கிட்டுக்காக அந்தப் பாதுகாப்பை இழப்பது உங்கள் நிலையில் சரியாகப் படவில்லை.

எந்தக் காரானாலும், முடிவு செய்யுமுன் அம்மாவை அழைத்துச் சென்று முன் இருக்கையில் ஏற்றி இறக்கிப் பாருங்கள். சிட்டியின் பின்பெட்டி 519 லிட்டர் கொள்ளும், மடக்கு நாற்காலி தாராளமாகப் போகும். ஆனால் இருக்கை தாழ்வானது. சிகிச்சை முடிந்து தளர்ந்து வருபவருக்கு அந்தத் தாழ்வு எப்படி இருக்கிறது என்பதை அவரே சொல்லவேண்டும். உங்கள் கடிதத்தில் எல்லாருடைய கருத்தும் இருக்கிறது, அவருடையது மட்டும் இல்லை.

பழுது வந்தால்

புதிய கார் பழுதானால் உடனே வேறு கார் தரவேண்டும் என்று ஒரு சட்டம் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படித் தனிச் சட்டம் மலேசியாவில் இல்லை. 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், வாங்கிய பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்கவேண்டும் என்கிறது. குறை இருந்தால் முதலில் சரிசெய்து தரவேண்டும், குறை பெரிதாக இருந்தாலோ சரிசெய்ய முடியாமல் போனாலோ திருப்பிக் கொடுத்துப் பணமோ மாற்றுப் பொருளோ கேட்கலாம். வியாபாரமாக விற்பவரிடம் வாங்கும் பழைய காருக்கும் இந்த உரிமை உண்டு, ஆனால் அதன் வயதையும் விலையையும் வைத்தே தரம் எடைபோடப்படும். தெரிந்தவரிடம் நேராக வாங்கினால் இந்தச் சட்டம் துணைக்கு வராது, ஏனென்றால் அவர் வியாபாரி அல்லர்.

பழைய காரின் வாடகைக் கொள்முதல் ஒப்பந்தத்தில், இது பயன்படுத்தப்பட்ட பொருள், தரத்துக்கு எந்த உறுதியும் இல்லை என்று ஒரு வாசகம் இருந்து, அதைப் படித்ததாக நீங்கள் தனியே கையெழுத்திட்டிருந்தால், தரம் பற்றி வங்கியிடம் வாதாடும் வாய்ப்பு பெரும்பாலும் போய்விடும். அதனால்தான் கடைக்காரர் வாயால் சொல்லும் ஒவ்வொன்றையும், விபத்தில்லாத கார், வெள்ளம் படாத கார், மீட்டர் மாற்றப்படாத கார் என்பவற்றை, அவருடைய கடைத் தாளில் முத்திரையோடு எழுதி வாங்கவேண்டும். எழுதித் தர மறுப்பவரின் வாய்வார்த்தைக்கு என்ன மதிப்பு என்பது உங்களுக்கே தெரியும்.

சர்ச்சை வந்தால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. 50,000 ரிங்கிட்வரை கோரலாம், பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட், மூன்று ஆண்டுக்குள் மனுச் செய்யவேண்டும், என்னைப் போன்ற வழக்கறிஞர்கள் அங்கு உங்களுக்காகப் பேச முடியாது, தேவையும் இல்லை. பழுதுச் செலவு, திருப்பித் தராத முன்பணம் போன்றவற்றுக்கு அந்த வரம்பு போதுமானது. எழுதி வாங்கிய தாள் அங்குதான் பேசும்.

தவணை தவறும் நாள் வராமல் இருக்கட்டும். வந்தால் இதை நினைவில் வையுங்கள். தொடர்ந்து இரண்டு தவணை தவறிய பிறகே, அதுவும் குறைந்தது 21 நாள் அவகாசம் தரும் எழுத்துமூல அறிவிப்புக்குப் பிறகே, காரை எடுக்க முடியும். ரொக்க விலையில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் கட்டியிருந்தால் நீதிமன்ற ஆணை இல்லாமல் எடுக்க முடியாது. அறிவிப்பு வந்ததும் காரை உறவினர் வீட்டில் ஒளித்து வைக்காமல் நேரே வங்கிக்குப் போங்கள்.

என் கருத்து

ஓவர்டைமை முழுதாக ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், வீட்டுக் கடன் போக உங்கள் கையில் 3,220 இருக்கிறது. அதில் 941 ரிங்கிட்டை ஒன்பது ஆண்டுக்கு எழுதிக் கொடுப்பதை என்னால் பரிந்துரைக்க முடியாது. புத்தம் புதிய காரை விட்டுவிடுங்கள்.

2022 காரின் சர்வீஸ் பதிவு முழுமையாக இருந்து, போமென் தலையாட்டி, கடைக்காரர் எழுதித் தரவும் சம்மதித்தால், 12,000 முன்பணம், ஏழு ஆண்டு, உங்கள் சொந்தப் பெயர் என்ற கணக்கில் அதை வாங்குங்கள். அதைவிட நீண்ட கடன் வேண்டாம். சர்வீஸ் பதிவு, போமெனின் சம்மதம், கடைக்காரரின் எழுத்து ஆகிய மூன்றில் ஒன்று தவறினாலும் அடுத்த பழைய காரைத் தேடி அலையாமல், சென்ற ஆண்டுக் காருக்குப் போங்கள். மாதம் 56 ரிங்கிட் கூடுதல், இரண்டு ஆண்டு நீளம், ஆனால் ஐந்து ஆண்டு உத்தரவாதமும் தானாகப் பிரேக் போடும் வசதியும் கைக்கு வரும். உங்கள் மனைவி அந்த வசதிக்காகவே புதியதைக் கேட்கிறார் என்றால், 2022 காரில் அது இல்லாதபோது நேரே இந்தக் காருக்குப் போவதையும் நான் குறை சொல்லமாட்டேன். அதை நீங்கள் இருவரும் உட்கார்ந்து பேச வேண்டும்.

சனிக்கிழமை கடைக்குப் போய் முன்பதிவுப் பணம் கட்டுவதாக எழுதியிருக்கிறீர்கள். அதற்குள் கடன் அறிக்கையை எடுத்துவிடுங்கள். காரின் பதிவு எண்ணையும் சேஸிஸ் எண்ணையும் வாங்கிச் சர்வீஸ் நிலையத்தில் கேட்டுவிடுங்கள். இரண்டும் கைக்கு வராவிட்டால் பணம் கட்டுவதை அடுத்த வாரத்துக்குத் தள்ளுங்கள். கட்டும்போது, வங்கி கடன் தர மறுத்தால் முழுத்தொகையும் திரும்பக் கிடைக்கும் என்று ரசீதிலேயே எழுதச் சொல்லுங்கள்.